ஃபெய்த் நோ மோர்: கடைக்கு வர்றவங்க திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விங்க

கேரளால பாலக்காட்டு ஜில்லா, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி கொழிஞ்சாம்பாறை பக்கம் எனக்கு மைக் செட் கடைங்க. அப்பா காலத்துல குழாய் ஸ்பீக்கரும் ரெக்கார்ட் பிளேயரும், இப்ப பெரிய பெரிய பாக்ஸும் டிஜிட்டல் மிக்ஸரும். ஆம்ப் சர்வீஸ் முடிச்சா டெஸ்ட் பண்ண நான் போடுறது முப்பது வருஷமா ஒரே பேண்டுதான், ஃபெய்த் நோ மோர்ங்கிற அமெரிக்க ராக் பேண்டு. ஒயர் சுத்துற பசங்க, பாக்ஸ் புக் பண்ண வர்ற கோயில் கமிட்டிக்காரங்க, பக்கத்து டீக்கடைல நிக்கிற லாரி டிரைவருங்க எல்லாருக்கும் சந்தேகம், என்னங்ண்ணா இது ஒருத்தன் பேசுறான், அப்புறம் கத்துறான், கடைசில யாரோ பியானோ வாசிக்கிறாங்கன்னு. தனித்தனியா சொல்லி வாய் வலிச்சுப்போச்சு, அதான் மொத்தமா எழுதிட்டேன், இனிமே கேட்டா இதைத்தான் நீட்டுவேன்.

இவங்க யாருங்ண்ணா, எந்த ஊர்க்காரங்க?

அமெரிக்கால கலிஃபோர்னியா, சான் ஃபிரான்சிஸ்கோ. பேஸ் கிட்டார் பில்லி கூல்ட், கீபோர்ட் ராடி பாட்டம், டிரம்ஸ் மைக் போர்டின். இந்த மூணு பேர்தான் அஸ்திவாரம், ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் மாறாதவங்க. கூல்டும் பாட்டமும் லாஸ் ஏஞ்சல்ஸ்ல சின்ன வயசுலயே கூட்டாளிங்க. கிட்டார்காரன் மாறுவான், பாடுறவன் மாறுவான், இந்த மூணு பேர் மட்டும் அப்படியே இருப்பாங்க. கிளாஸிக் லைனப்னு எல்லாரும் சொல்றது இவங்களோட ஜிம் மார்ட்டின் கிட்டாரும் மைக் பேட்டன் குரலும் சேர்ந்தது.

பேருக்கு என்ன அர்த்தம்? சாமி இல்லைன்னு சொல்றாங்களா?

அதெல்லாம் இல்லப்பா, கமிட்டிக்காரர் ஒருத்தர் இப்படித்தான் நினைச்சுட்டு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. முன்னாடி இவங்க இருந்த பேண்டு பேரு ஃபெய்த் நோ மேன். அதுல பாடிட்டிருந்த மைக் மாரிஸ்ங்கிறவருக்கு பட்டப்பேரு "தி மேன்". அவரை விட்டுட்டு மத்தவங்க எல்லாம் கழண்டு வந்துட்டாங்க, அந்த "மேன்" இனிமே இல்லை, அதனால ஃபெய்த் நோ மோர். ஒரு கூட்டாளி போட்ட ஜோக்கு, அதையே பேரா வச்சுக்கிட்டாங்க.

நீங்க எப்படிங்க இதைக் கண்டுபிடிச்சீங்க, அந்தக் காலத்துல இங்க நெட்டே இல்லையே?

நெட் இல்லைன்னா என்ன, கல்ஃப் இருந்துச்சே. பாலக்காட்டுப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தராவது துபாய், ஷார்ஜான்னு போயிருப்பாங்க. எங்க மாமா ஒருத்தர் லீவுல வந்தப்ப டேப் ரெக்கார்டரோட ஒரு பை நிறைய கேசட் கொண்டு வந்தாரு, யேசுதாஸும் மாப்பிளப்பாட்டும் நிறைய, அதுக்கு நடுவுல எப்படியோ ஒரு இங்கிலீஷ் கேசட், தி ரியல் திங்ன்னு. அவருக்கே அது எப்படி பைக்குள்ள வந்துச்சுன்னு தெரியலை. எனக்கு அப்ப பதினஞ்சு வயசு. முதல் தடவை போட்டப்ப டேப் ஹெட்டு அழுக்காயிருக்குன்னு நினைச்சு ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுட்டு மறுபடி போட்டேன், மறுபடியும் அதே மாதிரிதான் கத்துனான். அப்புறம்தான் புரிஞ்சுது, கோளாறு கேசட்லயும் இல்லை டேப்லயும் இல்லை, அவன் பாடுறதே அப்படின்னு.

இதென்ன வகைப் பாட்டுங்ண்ணா? ராக்கா, ராப்பா, மெட்டலா?

இதுதான் எல்லாரும் கேக்குற கேள்வி, இதுக்கு ஒரு வார்த்தைல பதில் சொல்லத்தெரியாம நானும் தடுமாறியிருக்கேன். ஆல்டர்நேட்டிவ் மெட்டல்னு எழுதுவாங்க, ஃபங்க் மெட்டல்னு எழுதுவாங்க, பேண்டுக்காரங்களுக்கு ரெண்டுமே பிடிக்காது. நான் மிக்ஸர்ல உக்கார்ற ஆளு, எனக்கு கேக்குறது என்னன்னு சொல்றேன்.

போர்டின் டிரம்ஸ் வாசிக்கிறது கனமா, மெதுவா, தரையில உலக்கை போடுற மாதிரி. அவரு பெர்க்லி யுனிவர்சிட்டில படிக்கும்போது ஆப்பிரிக்க மேளம் படிச்சவரு, அதான் அந்தக் குத்துல ஒரு ஆட்டம் இருக்கும். கூல்ட் பேஸை பிக் வச்சு சுள்ளுன்னு அடிப்பாரு, அது பேஸ் மாதிரியே இருக்காது, பாதி டிரம்ஸ். மார்ட்டின் கிட்டார் சுத்தமான மெட்டல், பிளாக் சப்பாத்ங்கிற பழைய மெட்டல் பேண்டு காலத்துச் சத்தம். பாட்டம் கீபோர்ட்ல வாசிக்கிறது சினிமா சோக சீன்ல வருமே அந்த மாதிரி நீளமான சோகம். இப்ப பாருங்க, நாலு பேரும் நாலு ஊருப் பாட்டு வாசிக்கிறாங்க, ஒருத்தனும் இன்னொருத்தனுக்காக விட்டுக்குடுக்கலை. வேற பேண்டா இருந்தா தயாரிப்பாளர் வந்து கிட்டாரைக் குறைங்க கீபோர்டை ஏத்துங்கன்னு சமாதானம் பண்ணியிருப்பாரு. இவங்க அந்தச் சண்டையை அப்படியே ரெக்கார்ட் பண்ணிட்டாங்க.

ஆல்டர்நேட்டிவ்னு பேரு வச்சுக்கிட்டு ரெண்டு ஸ்டைலை ஒட்டுப்போடுறவங்க எக்கச்சக்கம். ராப் பாதி, கோரஸ் பாதி, நடுவுல கோடு தெரியும். இங்க கோடு தெரியாது. நம்ம ஊர்ல ஒருத்தர் "நான் நாளைக்கு வராம், நீங்க போய்க்கோங்க"ன்னு சொன்னா எது தமிழ் எது மலையாளம்னு யாராவது பிரிச்சுப் பாக்குறோமா, வெளியூர்க்காரன் வந்து சிரிக்கும்போதுதான் ஓ அப்படிப் பேசுறோமோன்னு தெரியும். அது மாதிரி.

பேட்டன்தான் முதல்ல இருந்தே பாடுறாரா?

இல்லை. ஆரம்பத்துல ஆளு மாறிக்கிட்டே இருந்தாங்க, பின்னாடி ஹோல் பேண்டு ஆரம்பிச்ச கோர்ட்னி லவ் கூட கொஞ்ச நாள் பாடியிருக்காங்க. நிலையா நின்னது சக் மோஸ்லி. 1985-ல வந்த வி கேர் எ லாட், 1987-ல வந்த இன்ட்ரொட்யூஸ் யுவர்செல்ஃப், ரெண்டு ஆல்பமும் அவரு குரல்தான்.

மோஸ்லி சுருதி விட்டுப் பாடுவாரு, அதை மறைக்கவும் மாட்டாரு. பேட்டன் ரசிகருங்க அவரைக் கிண்டல் பண்றாங்க, எனக்குப் பிடிக்காது. வி கேர் எ லாட் பாட்டைக் கேளுங்க, அந்தக் காலத்துல பெரிய பெரிய ஸ்டாருங்க எல்லாம் உலகத்துக்காக கண்ணீர் விட்டு நிதி திரட்டிட்டிருந்தாங்க, இவரு வந்து வெள்ளத்துல இருந்து பொம்மை வரைக்கும் ஒரு பட்டியல் போட்டு எல்லாத்து மேலயும் எங்களுக்கு ரொம்ப அக்கறைங்கன்னு நக்கலடிக்கிறாரு. அந்த நக்கலுக்கு நல்ல குரல் இருந்தா கெட்டுப்போயிரும், தெருவுல நிக்கிறவன் குரல்தான் வேணும். 1988-ல அவரை வெளிய அனுப்பிட்டாங்க, குடியும் சண்டையும். 2016-ல அந்த முதல் ஆல்பத்தை மறுபடி வெளியிட்டப்ப பழைய ஆளுங்க அவரோட சேர்ந்து மேடை ஏறுனாங்க, அடுத்த வருஷம் நவம்பர்ல இறந்துட்டாரு. 57 வயசு.

பேட்டன் எங்க இருந்து வந்தாரு?

வடக்கு கலிஃபோர்னியால யுரேகான்னு ஒரு சின்ன ஊரு, மரம் வெட்டுற ஊரு. அங்க ஸ்கூல் பசங்க சேர்ந்து மிஸ்டர் பங்கிள்னு ஒரு பைத்தியக்கார பேண்டு வச்சிருந்தாங்க, அதுல பாடுனவரு பேட்டன், அவங்களோட டெமோ கேசட் ஃபெய்த் நோ மோர் கைல கிடைச்சு, இவன் யாருன்னு கூப்பிட்டு விட்டாங்க. வயசு இருபதுதான். பாட்டுக்கு மியூசிக் எல்லாம் ஏற்கெனவே ரெடி, பாடுற ஆளுதான் இல்லை. இவரு வந்து ரெண்டு வாரத்துக்குள்ள மொத்த ஆல்பத்துக்கும் வரி எழுதிட்டாரு. அதான் 1989 ஜூன்ல வந்த தி ரியல் திங். எங்க மாமா பைல வந்த கேசட்.

ஒரு விஷயம் கவனிங்க, அந்த ஆல்பத்துல பேட்டன் மூக்கால பாடுவாரு, சின்னப்பையன் குரல். அடுத்த ஆல்பத்துல அதே ஆளு பாதாளத்துல இருந்து பேசுவாரு. ரெண்டு ஆல்பத்தையும் அடுத்தடுத்து போட்டா ஆள் வேறன்னு பந்தயம் கட்டுவீங்க, எங்கிட்ட ஒரு பையன் கட்டி டீ வாங்கிக் குடுத்துருக்கான்.

எபிக் பாட்டு வீடியோல மீன் துடிக்குதே, அது நெஜமா?

நெஜம்தான், அதுக்கு அப்பவே சத்தம் போட்டாங்க. பியானோ முடிவுக்கு வரும்போது ஒரு மீன் தரையில கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடும், கடைசில ஒரு பியானோ வெடிக்கும். மீன் பிஜோர்க்ங்கிற ஐஸ்லாண்ட் பாடகியோடதுன்னு ஒரு கதை உலாத்துச்சு, பேண்டுக்காரங்களும் அதை ஊதி ஊதிப் பெருசாக்குனாங்க, அதனால அதை அப்படியே நம்பிராதீங்க.

அந்த ஒரே பாட்டுதான் அவங்களை உலகத்துக்குக் காட்டுச்சு. அது இருக்குற தி ரியல் திங் ஆல்பம் வந்து பல மாசம் யாரும் சீண்டலை, 1990-ல எம்டிவி அந்த வீடியோவை ஓட்ட ஆரம்பிச்சதும் அமெரிக்க பில்போர்ட் பட்டியல்ல 9-வது இடம், ஆஸ்திரேலியால முதலிடம். நமக்கெல்லாம் ஸ்டார் டிவி வந்து, கேபிள்காரர் மொட்டைமாடில டிஷ்ஷு வச்சு, அதுக்கப்புறம்தான் மீனைப் பாக்கக் கிடைச்சுது, அதுவரைக்கும் நான் கேசட்ல பியானோவை மட்டும் கேட்டுட்டிருந்தேன். வீடியோ பாத்தப்ப எனக்கு ஏமாத்தம்தான். எனக்குள்ள ஓடுன படம் வேற.

ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸை காப்பி அடிச்சாங்கன்னு சொல்றாங்களே?

பெப்பர்ஸ் பாடகர் அந்தோணி கீடிஸ் அப்படித்தான் சொன்னாரு, பேட்டன் என்னோட ஸ்டைலைத் திருடிட்டான்னு. முடியை விரிச்சுப் போட்டு சட்டையில்லாம குதிச்சு ராப் பண்ணுனா எல்லாரும் ஒரே மாதிரிதான தெரிவாங்க. சண்டை பத்து வருஷம் ஓடுச்சு. 1999-ல மிஸ்டர் பங்கிளை சில விழாக்கள்ல இருந்து கீடிஸ் தரப்பு தூக்க வச்சுருச்சு, பதிலுக்கு அந்த வருஷம் ஹாலோவீன் அன்னைக்கு மிஸ்டர் பங்கிள் ஆளுங்க மொத்தமா பெப்பர்ஸ் வேஷம் கட்டி அவங்க பாட்டையே மேடையில கேவலமா வாசிச்சுக் காட்டுனாங்க. நம்ம பக்கம் கோயில் திருவிழால ரெண்டு ஊர்க்காரங்க வெடிக்கட்டுல, அதாவது வாணவேடிக்கைல, போட்டி போடுவாங்களே, அதுல பாதி கூட நியாயம் இல்லாத சண்டை. என்னைக் கேட்டா ரெண்டு பேண்டுக்கும் பேஸ் ஒலிக்கிற விதமே வேற வேற, காப்பின்னு சொல்றவங்க வீடியோ பாத்தவங்க, பாட்டைக் கேட்டவங்க இல்லை.

எந்த ஆல்பம்ங்ண்ணா பெஸ்ட்டு?

ஏஞ்சல் டஸ்ட், 1992. இதுல எனக்கு சந்தேகமே இல்லை, மாத்திப் பேசுறவங்களுக்கு வாடகைல தள்ளுபடி கிடையாது.

எபிக் ஹிட் ஆனதும் எல்லாரும் எதிர்பாத்தது எபிக் ரெண்டாம் பாகம். லேபிள்காரங்களும் அதுக்குத்தான் காத்துட்டிருந்தாங்க. இவங்க என்ன பண்ணுனாங்க, ராப்பைப் பாதிக்கு மேல குறைச்சுட்டு, பாட்டமும் பேட்டனும் சாம்பிளர் மெஷினை வச்சுக்கிட்டு கண்டதையும் உள்ள போட்டாங்க. மிட்லைஃப் கிரைசிஸ் ஆரம்பத்துல வர்ற தட்டு சைமன் அண்ட் கார்ஃபங்கல் பாட்டுல இருந்து எடுத்தது. மால்பிராக்டிஸ்னு ஒரு கொடூரமான பாட்டு நடுவுல ரஷ்யாக்காரர் ஷோஸ்டகோவிச்சோட 8-வது ஸ்ட்ரிங் குவார்டெட் ஒரு துண்டு வரும், கிரோனோஸ் குவார்டெட் வாசிச்சது, அது வர்ற இடத்துல எனக்கு இன்னைக்கும் கை மயிர் நிக்கும். ஆர்விங்கிற பாட்டுல வண்டி வீட்டுல உக்காந்து வேர்த்து வழியிற ஒரு குண்டு ஆசாமி தன் பிழைப்பைப் பத்தி புலம்புறான், பாதி பாட்டு பாதி முனகல். பீ அக்ரெஸிவ்ல சின்னப்பொண்ணுங்க விளையாட்டு மைதானத்துல கோஷம் போடுற மாதிரி வரும், அந்தப் பாட்டோட அர்த்தத்தை நான் இங்க எழுத மாட்டேன், வீட்டுல பெரியவங்க படிப்பாங்க. லேண்ட் ஆஃப் சன்ஷைன் வரிகள்ல நிறைய சீனாக்காரங்க ஹோட்டல்ல பிஸ்கட்டுக்குள்ள வச்சுக் குடுக்குற ஜோசியச் சீட்டுல இருந்து எடுத்தது. கடைசில மிட்நைட் கவ்பாய் சினிமா மியூசிக்கை அப்படியே அமைதியா வாசிச்சு முடிச்சுருவாங்க.

கவர்ல நீலத்துல ஒரு வெள்ளைக்கொக்கு. நம்ம வயக்காட்டுல டிராக்டருக்குப் பின்னாடி நடக்குமே அதே இனம் மாதிரி, கழுத்தை வளைச்சு அழகா நிக்கும். அட்டையைத் திருப்புனா கசாப்புக்கடை, இரும்புக் கொக்கியில தொங்குற மாட்டுத் தலை. ஆல்பத்துக்கு விளக்கமே அந்த ரெண்டு படம்தான். பேரும் அப்படித்தான், கேக்க அழகு, ஆனா அது ஒரு மோசமான போதைப்பொருளோட பேரு.

அமெரிக்கால தி ரியல் திங் அளவுக்கு ஓடலை, ஆனா பட்டியல்ல 10-வது இடம் வந்துச்சு, இங்கிலாந்துல 2-வது. அதுக்கப்புறம் பத்து வருஷம் கழிச்சு பேண்டு ஆரம்பிக்கிற ஒவ்வொருத்தனும் அதைத்தான் சொல்லுவான்.

மிக்ஸிங் ஆளுன்ற முறைல ஒண்ணு சொல்லிக்கிறேன், தயாரிப்பாளர் மேட் வாலஸ் அந்த ஆல்பத்துல இத்தனை சத்தத்தையும் அடுக்கி ஒண்ணு மேல ஒண்ணு விழாம வச்சிருக்காரு பாருங்க, பாக்ஸ்ல மிட், அதாவது நடுச்சத்தம், கொஞ்சம் அடைச்சிருந்தாக்கூட அந்த ஆல்பம் காட்டிக்குடுத்துரும். அதான் டெஸ்டுக்கு அதைப் போடுறேன். வியாபார ரகசியம், வெளிய சொல்லாதீங்க.

ஈஸின்னு ஒரு மெலடி பாட்டு, அதுவும் இவங்கதானா? நம்பவே முடியலை!

இவங்க பாடுனதுதான், ஆனா எழுதுனது இவங்க இல்லை. கமோடோர்ஸ்னு ஒரு கறுப்பினத்துக் குழு, லயனல் ரிச்சி எழுதிப் பாடுனது, 1977. மேடையில மெட்டல் ரசிகருங்க எப்பப் பாத்தாலும் பிளாக் சப்பாத்தோட வார் பிக்ஸ் பாட்டைப் போடு போடுன்னு கத்துவாங்க, அவங்களைக் கடுப்பேத்துறதுக்குன்னே இந்த மெதுவான காதல் பாட்டை வாசிக்க ஆரம்பிச்சாங்க. நக்கலா ஆரம்பிச்சது, ஆனா பாடும்போது நக்கலே இல்லாம உருகிப் பாடிட்டாங்க. 1993-ல இங்கிலாந்துல 3-வது இடம். கல்யாண வீட்டுல சாப்பாட்டு நேரத்துல நான் தைரியமா போடுற ஒரே ஃபெய்த் நோ மோர் பாட்டு இதுதான், இதுவரைக்கும் யாரும் திட்டலை.

கிட்டார்காரரை ஏன் வெளிய அனுப்புனாங்க?

ஜிம் மார்ட்டினுக்கு ஏஞ்சல் டஸ்ட் பிடிக்கலை. அவருக்கு நேர்வழி மெட்டல் வேணும். மெட்டாலிகாவோட பேஸ் ஆளு கிளிஃப் பர்ட்டன் அவரோட சின்ன வயசு கூட்டாளி, போர்டினும் அதே செட்டு, அப்படித்தான் இந்த பேண்டுக்கே வந்தாரு. தன்னோட பகுதியைத் தனியா வாசிச்சு அனுப்புற அளவுக்கு விலகிட்டாரு. 1992-ல மெட்டாலிகாவும் கன்ஸ் அண்ட் ரோஸஸும் சேர்ந்து போன டூர்ல இவங்க முதல்ல வாசிக்கிற பேண்டு, பேட்டியில எல்லாம் கன்ஸ் அண்ட் ரோஸஸ் பாடகர் ஆக்ஸல் ரோஸை மத்தவங்க கிண்டலடிக்க, மேல இடத்துல இருந்து கூப்பிட்டுத் திட்டு வாங்குனாங்க. 1993 கடைசில மார்ட்டினுக்கு ஃபேக்ஸ்ல சேதி போச்சு.

அவரு அதுக்கப்புறம் என்ன பண்ணாரு தெரியுமா? பெரிய பெரிய அரசாணிக்காய் வளர்க்குறாரு, மத்த ஊர்ல பரங்கிக்காய்ம்பாங்க. விளையாட்டுக்குச் சொல்லலைங்க, போட்டிக்குக் கொண்டுபோற ராட்சச அரசாணிக்காய், வண்டியில ஏத்துனாத்தான் நகரும். எங்க பெரியப்பாவுக்கு இந்த பேண்டுல பிடிச்ச ஒரே ஆளு அவருதான்.

உங்க அனுபவத்துல மார்ட்டின் போனது நட்டமா?

நட்டம்தான். அந்தச் சண்டைல ஒரு பக்கம் காலியாயிருச்சு. நல்ல ஆல்பம் அப்புறமும் வந்துச்சு, ஆனா அந்த இழுபறி இல்லை.

1995-ல கிங் ஃபார் எ டே. மிஸ்டர் பங்கிள்ல இருந்த ட்ரே ஸ்ப்ருவான்ஸ் கிட்டார் வாசிச்சாரு, ரெக்கார்டிங் முடிஞ்சதும் டூருக்கு வரலைன்னுட்டாரு, கீபோர்ட் செட் பண்ணிக் குடுத்துட்டிருந்த டீன் மென்டா கிட்டாரைத் தூக்கிக்கிட்டு மேடை ஏறுனாரு. இதை நான் என் பசங்ககிட்ட அடிக்கடி சொல்றது, ஒயர் சுத்துறவனுக்கும் ஒரு நாள் வரும்னு. அந்த ஆல்பம் ஒரு பலசரக்குக்கடை. கன்ட்ரி இருக்கு, கோயர் பாட்டு இருக்கு, பிரேசில் போஸா நோவா இருக்கு, காது கிழியிற பங்க் இருக்கு, எவிடன்ஸ்னு ராத்திரி பதினோரு மணி ஜாஸ் மாதிரி ஒண்ணு, அதை போர்ச்சுகீஸ், ஸ்பானிஷ், இத்தாலியன்ல எல்லாம் தனியா பாடி ரெக்கார்ட் பண்ணுனாங்க. பாட்டமுக்கு அந்தச் சமயம் அப்பா இறந்துட்டாரு, நண்பர் நிர்வானா பேண்டு பாடகர் கர்ட் கோபேனும் போயிட்டாரு, அதனால கீபோர்ட் ரொம்பக் கம்மி. எனக்கு அந்தக் குறை தெரியுது.

1997-ல ஆல்பம் ஆஃப் தி இயர், கிட்டார் ஜான் ஹட்சன். ஆஷஸ் டு ஆஷஸ், ஸ்ட்ரிப்சர்ச் ரெண்டும் அருமை. மத்தது சுமார். அட்டையில செக்கோஸ்லோவாக்கியாவோட முதல் ஜனாதிபதி மசாரிக் படம், பின்னாடி அவரோட இறுதி ஊர்வலம். இன்னும் பேண்டு இருந்தப்பவே சாவுக்கு ஆள் சேத்த மாதிரி. 1998 ஏப்ரல்ல லிஸ்பன்ல கடைசி ஷோ, அதே மாசம் கூல்ட் ஒரு மெயில் போட்டு முடிச்சுட்டாரு.

லின்கின் பார்க், கார்ன் மாதிரி பேண்டுங்க எல்லாம் இவங்க வாரிசா?

பசங்க இதைக் கேக்கும்போது கண்ணு மின்னும், ஆமான்னு சொல்லணும்னு எதிர்பாப்பாங்க. ஆமாவும் இல்லையும்.

கார்ன் முதல் ஆல்பம் 1994, லின்கின் பார்க் ஹைப்ரிட் தியரி 2000. ராப்பும் மெட்டலும் சேர்ந்து ரேடியோல ஓடும்னு 1990-லயே எபிக் நிரூபிச்சுருச்சு, அந்தக் கதவு வழியாத்தான் இவங்களை மாதிரி நு மெட்டல்னு பேரு வாங்குன கூட்டம் உள்ள வந்துச்சு. கெராங்னு இங்கிலாந்து ராக் பத்திரிகை 2003-ல அதிகமா பாதிப்பு ஏற்படுத்துன ஆல்பங்கள் பட்டியல்ல ஏஞ்சல் டஸ்டை முதல்ல வச்சுச்சு. பேட்டன்கிட்ட நீங்கதான் நு மெட்டலோட அப்பான்னு சொன்னா மூஞ்சி சுளிப்பாரு, அந்தக் குழந்தை என்னோடது இல்லைங்கிற மாதிரி.

எனக்கு அவரு பக்கம் நியாயம் இருக்குன்னுதான் தோணுது. பின்னாடி வந்தவங்க எடுத்துக்கிட்டது கத்தலையும் ராப்பையும். கேலியை எடுத்துக்கலை. ஃபெய்த் நோ மோர் சோகமா பாடும்போது கூட ஓரத்துல ஒரு சிரிப்பு நிக்கும், இவன் நெஜமா அழுறானா நடிக்கிறானான்னு சந்தேகம் வரும். நு மெட்டல்ல அழுதா அழுகைதான். செண்டை மேளத்தைப் பாத்துட்டு, சத்தம் மட்டும் போதும்னு நூறு பேரு கம்பால தகரத்தை அடிச்சா எப்படி இருக்கும், காலக் கணக்கு எங்க போச்சு? லின்கின் பார்க் எனக்குப் பிடிக்கும், அதை விடுங்க, அவங்க பாடகர் செஸ்டர் குரலுக்கு நான் அடிமை, ஆனா இது வேற பொருள்.

நம்ம பக்கம் இந்த மாதிரி யாராவது இருக்காங்களா?

திருவனந்தபுரம் அவியல் பேண்டு. மலையாளத்துல ஆல்டர்நேட்டிவ் ராக், 2008-ல ஆல்பம் வந்துச்சு, நாட்டுப்பாட்டும் கவிதையும் எடுத்து ராக்ல போட்டாங்க. கருகரன்னு ஒரு பாட்டு, காவாலம் நாராயண பணிக்கர் எழுதுனது, 1979-ல கும்மாட்டி படத்துல வந்தது, அதை இவங்க எடுத்துப் பாடியிருக்காங்க, கேட்டுப்பாருங்க. பேருக்கு ஏத்த மாதிரி முருங்கைக்காய் முருங்கைக்காயாவும் சேனை சேனையாவும் இருக்கும். ஃபெய்த் நோ மோர் மாதிரியே ஒலிக்கும்னு நினைச்சுப் போகாதீங்க, ஒலி வேற, துணிச்சல் ஒண்ணு. தமிழ்ல மலையாளம் மாதிரி மலையாளத்துல தமிழ் மாதிரி பேசுற நம்மாளுங்க பத்து பேரு சேர்ந்து ஒரு பேண்டு போட்டா எப்படி இருக்கும்னு நான் நினைச்சுப் பாக்குறது உண்டு. சித்தூர்ல கொங்கன் படை பாத்திருப்பீங்க, கொங்குநாட்டுப் படை தோத்ததைத்தான் திருவிழாவா கொண்டாடுறாங்க, அதுக்கு பாக்ஸ் கட்டப் போறது கொங்குத்தமிழ் பேசுற நானு. இதை எல்லாம் பாட்டா எழுத ஒரு பேட்டன் வேணும்.

பிரிஞ்சதுக்கப்புறம் சேரலையா?

சேர்ந்தாங்க. 2009 ஜூன்ல லண்டன் பிரிக்ஸ்டன் அகாடமில மறுபடி மேடை ஏறுனாங்க, முதல் பாட்டே "மறுபடி சேர்ந்தோம்"னு பொருள் வர்ற ஒரு பழைய காதல் பாட்டு, கோட் சூட் போட்டுக்கிட்டு. அந்த நக்கலுக்காகவே காசு குடுக்கலாம். 2015 மே மாசம் சோல் இன்விக்டஸ், பதினெட்டு வருஷம் கழிச்சு ஆல்பம், கூல்ட்தான் தயாரிச்சாரு, வெளியிட்டதும் அவங்க சொந்த லேபிள். பெரிய கம்பெனி தலையீடு இல்லாம எடுத்ததுல ஒரு நிதானம் தெரியும். சூப்பர்ஹீரோ பாட்டு முடியிற இடத்துல பாட்டம் பியானோ கேளுங்க, 1989 ஞாபகம் வரும்.

2020 டூர் கொரோனால தள்ளிப்போச்சு. 2021-ல தேதி குறிச்சிருந்தாங்க, பேட்டன் மனநலக் காரணத்துக்காக முடியலைன்னு சொல்லி எல்லாத்தையும் ரத்து பண்ணிட்டாரு. கொரோனா வீட்டடைப்புல ஜனங்க முன்னாடி நிக்கவே பயம் வந்துருச்சுன்னு அப்புறம் பேட்டில சொன்னாரு. அவ்வளவு வெறி பிடிச்ச மாதிரி மேடையில குதிக்கிற ஆளுக்கு இப்படியான்னு ஆச்சரியப்படாதீங்க. கொரோனால ரெண்டு சீசன் திருவிழா இல்லாம கடை பூட்டிக் கிடந்தப்ப மறுபடி முதல் கூட்டத்துல மிக்ஸர் முன்னாடி உக்கார எனக்கே கை நடுங்குச்சு.

மத்தவங்க இப்ப என்ன பண்றாங்க?

பேட்டனுக்கு இபேகாக்னு 1999-ல இருந்து சொந்த லேபிள், ஃபேன்டோமாஸ், டாமஹாக்னு ஏகப்பட்ட பேண்டு. போர்டின் ரொம்ப வருஷம் பிளாக் சப்பாத் பாடகர் ஓஸி ஆஸ்போர்னுக்கு டிரம்ஸ் வாசிச்சாரு. பாட்டம் இம்பீரியல் டீன்னு ஒரு பேண்டு, 1993-லயே நான் கே, அதாவது தன்பாலின ஈர்ப்பு உள்ளவன்னு வெளிப்படையா சொன்னவரு, மெட்டல் கூட்டத்துக்கு நடுவுல அப்ப அதைச் சொல்றதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு யோசிச்சுக்கங்க. கூல்டும் கூலாரோன்னு ஒரு லேபிள் நடத்துனாரு.

புதுசா கேக்குறவன் எதுல ஆரம்பிக்கணும்?

எபிக் வேண்டாம், அது எல்லாரும் நுழையிற வாசல், உள்ள வீடு வேற மாதிரி இருக்கும். மிட்லைஃப் கிரைசிஸ், அப்புறம் எவிடன்ஸ், அப்புறம் ஆஷஸ் டு ஆஷஸ். மூணும் பிடிச்சா ஏஞ்சல் டஸ்டை முதல்ல இருந்து கடைசி வரைக்கும், ஹெட்ஃபோன்ல, போனைக் கவுத்து வச்சுட்டு. பிடிக்கலைன்னா ஈஸி கேட்டுட்டு தூங்கிருங்க, தப்பே இல்லை.

மாரியம்மன் பண்டிகைல நீங்க இதைப் போட்டீங்களாமே, நெஜமா?

டெஸ்டிங்குக்குத்தாங்க, அதைத் திரிச்சு பூஜை நேரத்துல போட்டேன்னு கிளப்பி விட்டுட்டாங்க. மத்தியானம் மூணு மணி, கோயில்ல ஒரு ஆளு இல்லை, புதுசா வாங்குன பாக்ஸ் ரெண்டைக் கட்டிட்டு எபிக் போட்டேன். பாதில பூசாரித் தாத்தா திண்ணைல தூங்கிட்டிருந்தவரு எந்திரிச்சு வர்றாரு, சரி இன்னைக்கு நமக்கு அர்ச்சனைன்னு வால்யூமைக் குறைக்கப் போனேன். "இருடா கண்ணு"ன்னாரு. நின்னு கேட்டாரு. கத்தல் எல்லாம் அடங்கி அந்தப் பியானோ மட்டும் தனியா ஓடி முடிஞ்சுது. "அவனுக வீட்ல யாரோ செத்துப்போயிட்டாங்களாட்டம் இருக்குது"ன்னாரு. இல்லீங்க தாத்தா, மீனுங்கன்னு சொன்னேன். அவருக்கு காது சரியாக் கேக்காது. "மீனாளா? பாவம், எந்த ஊர்ப் புள்ள"ன்னாரு. அமெரிக்கான்னேன். கொஞ்ச நேரம் பாக்ஸையே பாத்துட்டு, "சரி, கடைசி வர்றதை மட்டும் இன்னொருக்காப் போடு"ன்னு சொல்லிட்டு அங்கயே படில உக்காந்துக்கிட்டாரு.